மாதம் 6,500 ரூபாய், பன்னிரண்டு பேர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் சின்ன கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த சபை) எங்களுடையது. மூன்று அன்பியங்களை, அதாவது பங்கின் தெருவாரிக் குழுக்களை, சேர்ந்த பன்னிரண்டு பேர் சேர்ந்து போன கிறிஸ்துமஸுக்கு நாற்பது குடும்பங்களுக்கு அரிசிப் பை கொடுத்தோம். இனி ஆண்டு முழுக்க ஏதாவது செய்ய ஆசை. மாதம் 6,500 ரூபாய் வரை சேரும். இப்போதைக்கு ஒரு அக்காவின் ஜிபேவுக்குத்தான் பணம் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் பெரிய தொகை அனுப்புகிறேன் என்கிறான். அதற்காக டிரஸ்ட் பதிவு செய்துவிடலாமா? ஞாயிறுதோறும் அரசு மருத்துவமனையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். ஃபாதரோ, "செய்யுங்க, கணக்கு மட்டும் சுத்தமா இருக்கணும்" என்கிறார். எதை முதலில் தொடங்குவது?

பதில்: டிரஸ்ட் பேச்சை ஓராண்டுக்கு எடுக்காதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் 6,500 ரூபாயைப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 78,000 ரூபாய். நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 160 ரூபாய் சொச்சம். அரிசியாக வாங்கினால் மூன்று கிலோ வருவதே பெரிய காரியம். ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ வருகிறது. நம் தருமபுரி மாவட்டத்தில் 2023-இல் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் சோதனை முயற்சியும் தொடங்கியது. ஆக, நீங்கள் பை தூக்கிக்கொண்டு போகும் பல வீடுகளில் அரிசிக்குப் பஞ்சமில்லை. பருப்பு இருக்காது, எண்ணெய் இருக்காது. சர்க்கரை மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் சுற்றியிருக்கும். அடுப்படியை எட்டிப் பார்க்காமல் இது தெரியாது.

இன்னொரு கணக்கு போடுங்கள். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. தகுதியிருந்தும் கிடைக்காத ஒரு பாட்டிக்கு அதை வாங்கிக் கொடுத்தால் அவர் கையில் ஆண்டுக்கு 14,400. ஐந்து பாட்டிகளுக்கு 72,000. ஏறக்குறைய உங்கள் ஓராண்டு வசூல் முழுதும், அதுவும் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தானாக வந்துகொண்டிருக்கும். இதற்கு உங்களுக்கு ஆகும் செலவு ஜெராக்ஸ், பேருந்துக் காசு, இரண்டு மூன்று அரை நாள் வேலை. உங்களிடம் காசு குறைவு, ஆனால் இருபத்து நான்கு கால்கள் இருக்கின்றன. காசைவிட முதலில் செலவழிக்க வேண்டியது அவற்றைத்தான்.

நம் பக்கம் இதற்குத் தேவை அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, வீட்டில் கிழவனும் கிழவியும் மட்டும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-இல் வரும்வரை ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்து, முட்டியும் முதுகும் வளைந்துபோனவர்கள் வேறு. தாலுகா அலுவலகப் படி ஏற அவர்களால் முடியாது. உடன் ஒருவர் போனால் பாதி வேலை முடிந்தது.

எப்படிப் போவது? இருவர் இருவராக, வீடு தேடி, வாரம் ஒருமுறை. இது புதிதாக நாம் கண்டுபிடித்த முறை அல்ல. 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இளைஞரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பால் சபை இன்றுவரை இப்படித்தான் வேலை செய்கிறது. வாராந்தரக் கூட்டம், யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி சுற்றிவரும் பை, இருவராக வீடு சந்திப்பு. உங்கள் பங்கில் அந்தச் சபை பெயரளவுக்காவது இருந்தால் புதுக் குழு தொடங்காமல் அதில் போய்ச் சேருங்கள். நான்கு பெரியவர்கள் மட்டும் மிச்சமிருந்து ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருப்பார்கள். வீடு வீடாகப் போய் ஜெபிக்கும் மரியாயின் சேனைக்காரர்களையும் கேளுங்கள். பொருளுதவி செய்வது அவர்கள் விதிப்படி கூடாது. ஆனால் எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

முதல் மாதம் எதையும் கொடுக்காமல் போய்ப் பேசிவிட்டு மட்டும் வாருங்கள். இளைஞர்களுக்கு இது சலிப்பாக இருக்கும், "சும்மா போய் என்ன பேசுறது" என்பார்கள். ஒரு நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ரேஷன் கார்டு என்ன வகை, ஆதாரில் வயது சரியாக இருக்கிறதா, உதவித்தொகை வருகிறதா, என்ன மாத்திரை, யார் வாங்கித் தருகிறார்கள். அவ்வளவு போதும்.

அதை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். போன முறை நாற்பது வீடு என்றீர்களே, அதில் காலனிப் பக்கம் எத்தனை? கோயில் தெருவில் எத்தனை? கிறிஸ்தவர் அல்லாத வீடு எத்தனை? பட்டியலை யார் எழுதினார்களோ அவர்கள் தெருவே பட்டியலில் நிறைந்திருப்பதை நான் பல பங்குகளில் பார்த்துவிட்டேன். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தெரிந்த முகத்தைத்தான் எழுதுகிறோம். மூன்று அன்பியத்துக்கும் வெளியே இருக்கும் தெருவிலிருந்து ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூசைக்கு வருகிறாரா என்பது தகுதியாக வேண்டாம். பையோடு துண்டுப் பிரசுரம் வைப்பதும் வேண்டாம். மதம் மாற்றுகிறார்கள் என்று ஊரில் நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, ஃபாதர்தான்.

உதவித்தொகை மனு இ-சேவை மையம் வழியாகப் போகும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவு செய்வார். பெரும்பாலும் சிக்குவது "மகன் இருக்கிறான்" என்ற இடத்தில். மகன் பெங்களூரில் இருந்துகொண்டு மூன்றாண்டாக எட்டிப் பார்க்கவில்லை என்றால் அதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். இல்லாததை எழுதிக் கொடுக்காதீர்கள், விசாரணையில் அக்கம்பக்கம் கேட்பார்கள். நிராகரித்தால் காரணத்தைக் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது பெறுங்கள். "நாங்க வாங்கித் தர்றோம்" என்று மட்டும் எந்தப் பாட்டியிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். கூட வருகிறோம் என்று சொல்லுங்கள். இடைத்தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் குழுக் காசிலிருந்து போகக் கூடாது.

உதவித்தொகைக்கு அடுத்தது மருந்து. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே பக்கத்து மாவட்டத்தில், கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வருமானச் சான்று தேவை. வீட்டில் ஆள் மருத்துவமனையில் படுத்த பிறகு அட்டைக்கு அலைவதுதான் நம் வழக்கம். நோட்டில் எழுதும்போதே இல்லாதவர்களுக்கு எடுத்துவிடுங்கள். ரேஷன் கடைக்கு நடக்க முடியாத முதியவர்களுக்கு 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் பொருள் வீட்டுக்கு வர வழி உண்டு. அதில் வராதவர்கள் தங்கள் சார்பில் வாங்க ஒருவரை அங்கீகரித்துக் கடையில் படிவம் கொடுக்கலாம். மருத்துவமனைக்குத் துணை போக உங்கள் குழுப் பெண்களை அனுப்புவதில் ஒரு லாபம், நகரப் பேருந்தில் பாட்டிக்கும் துணைக்கும் டிக்கெட் கட்டணம் இல்லை!

இதையெல்லாம் செய்த பின்னும் 6,500 மிச்சம் இருக்கும். அதுதான் பருப்புக்கும் கண்ணாடிக்கும் அவசர ஆட்டோவுக்கும்.

இனி பணம். அந்த அக்கா நல்லவராகவே இருக்கட்டும், ஜிபேவை இந்த மாதமே நிறுத்துங்கள். வீட்டுக் காசும் குழுக் காசும் ஒரே கணக்கில் கலந்தால், ஆறு மாதம் கழித்து அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. பழி மட்டும் அவர் தலையில் விழும். ஃபாதரிடம் பேசி, பங்குக் கணக்கில் தனித் தலைப்பாக வரவு வையுங்கள். செலவுக்கு இருவர் கையெழுத்து. பக்க எண் போட்ட கட்டு நோட்டு, அச்சிட்ட ரசீதுப் புத்தகம். மாதக் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று வாசியுங்கள். கொடுத்தவர் பெயரை வாசிக்கலாம். வாங்கியவர் பெயர் நோட்டைத் தாண்டி வெளியே வரக் கூடாது.

இதைச் சொல்லும்போது என் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு அரிசிப் பை கொடுத்தபோது எடுத்த படங்களைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அழகாகத்தான் இருந்தது. அதில் இருந்த ஒரு அம்மா அடுத்த ஞாயிறிலிருந்து பூசைக்கு வரவில்லை. போய்க் கேட்டால், மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தி வீட்டார் அதே கோயிலுக்கு வந்திருந்து படத்தைப் பார்த்துவிட்டார்களாம். "நீங்க கொடுத்தது அஞ்சு கிலோ, எடுத்தது என் மானம்" என்று சொல்லவில்லை அவர். சொல்லியிருந்தால் பரவாயில்லை, டீ போட்டுக் கொடுத்தார். அன்றோடு படத்தை விட்டேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் பலகைதான்.

சித்தப்பா மகனுக்கு வருவோம். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இப்போது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பில் சேராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ என்று சொல்லப்படும் 2010 சட்டத்தின்படி, உரிய பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதைப் பெறலாம். பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். உறவுக்காரருக்குச் சொந்தச் செலவுக்கு அனுப்புவது வேறு. ஊருக்குக் கொடுக்கவென்று உங்கள் கணக்கில் வாங்குவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டியவர்கள் உண்டு.

இன்னொரு நுணுக்கம். எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அமைப்பு ஒன்று அந்தப் பணத்தை வாங்கி உங்கள் குழுவுக்கு மாற்றிக் கொடுப்பதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு கூடாது. அந்த அமைப்பே உங்கள் ஊரில் நேரடியாகப் பணி செய்யலாம், நீங்கள் அதில் தொண்டர்களாக நிற்கலாம். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த நம் மறைமாவட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்தது. சமூகப் பணிக்குப் பொறுப்பான அருட்தந்தை யார் என்று ஃபாதருக்குத் தெரியும். அவரைப் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்கு பதில் சொல்லுங்கள்.

இப்போது டிரஸ்ட். பதிவது பத்திர அலுவலகத்தில் ஒரு நாள் வேலை. அதன்பிறகு பான், வருமான வரிப் பதிவு, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம் என்று 6,500-இல் ஒரு பகுதி தாளுக்கே போகும். பதிந்த மறுநாளே வெளிநாட்டுப் பணமும் வராது. எஃப்சிஆர்ஏ பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டுப் பணியைக் காட்ட வேண்டும். 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடை வரிச் சலுகைக்காக என்றால், அது இருக்கும் அமைப்புக்கே கொடுக்கச் சொல்லலாம். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. இதைவிட எனக்குப் பயம் வேறொன்றில்: டிரஸ்ட் என்றதும் தலைவர், செயலாளர், பொருளாளர் நாற்காலி வரும். பன்னிரண்டு பேர் குழு ஐந்தும் ஏழுமாக உடைய அது போதும்.

மருத்துவமனைப் பொட்டலத்துக்கு நான் முழு மனதாக ஆம் சொல்ல மாட்டேன். ஞாயிறன்று பொட்டலம் கொடுக்க வருகிறவர்கள் ஏற்கெனவே இருப்பார்கள், புதன்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு எந்தக் கிழமை என்று முடிவு செய்யுங்கள். சமயக் கூட்டங்களில் உணவு வழங்குவோரும் உணவுப் பாதுகாப்பு விதிகளில் பதிவு செய்ய வேண்டியவர்களாகவே வருகிறார்கள். அதனால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு, மருத்துவமனை நிர்வாகத்தின் அனுமதி, இரண்டும் முதலில். தயிர்ச் சாதத்தை வெயிலில் வேனில் வைத்திருக்காதீர்கள். புளிச் சாதமோ எலுமிச்சைச் சாதமோ தாங்கும். ஆனாலும் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பாலித்தீன் உறைக்கு 2019 முதல் தடை, மந்தாரை இலை இருக்கவே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு என்று யாராவது கிளப்பினால், எப்போதும் பெரியவர்கள் இருவர், கதவு திறந்தே, தனியாக வண்டியில் ஏற்றிப் போவது இல்லை என்பதை எழுதி ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு பிள்ளைக்குத் தப்பு நடந்ததாகத் தெரிந்தால் குழுவில் பஞ்சாயத்து பேசக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று வீடு சந்திப்பில் காதில் விழுந்தாலும் அதே எண்தான். நம் இரு மாவட்டத்திலும் அது காதில் விழும்.

கிறிஸ்துமஸ் அரிசியை நிறுத்த வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். நிறுத்தாதீர்கள், பண்டிகை பண்டிகைதான். கோயில் வாசலில் வரிசை மட்டும் வேண்டாம். டிசம்பர் 20 வாக்கில், விளக்கு வைத்த பிறகு, அந்தந்த வீட்டை ஆண்டு முழுக்கப் பார்த்துவந்த இருவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பையில் அரிசியைக் குறைத்து ஒரு கிலோ பருப்பும் கொஞ்சம் வெல்லமும் வையுங்கள்.