சிசிஎன்ஏ போதுமா, டிபிடிகே வேண்டுமா? மூன்றாம் ஆண்டு ஈசிஇ மாணவருக்கு

இரண்டும் வேறு வேறு வேலைக்கு. சிசிஎன்ஏ என்பது சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்; ரவுட்டரை அமைத்து ஓட்டுபவருக்கு. டிபிடிகே என்பது பாக்கெட்டுகளை வேகமாகக் கையாள உதவும் சி லைப்ரரித் தொகுப்பு; ரவுட்டர் போன்றவற்றுக்குள் ஓடும் புரோகிராமை எழுதுபவருக்கு. சி மொழியில் பாயிண்டர் பிடிபடவில்லை என்றால் இரண்டாவதை இப்போது தொடாதீர்கள்.

10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் விநாடிக்கு 1.488 கோடி. ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோவிநாடி, 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் சுமார் 200 சைக்கிள். கேஷில் இல்லாததை ராமிலிருந்து ஒருமுறை எடுத்தாலே அந்த நேரம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். இதில் கெர்னலின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) இன்டரப்ட்டுக்கும் நகலெடுப்புக்கும் ஏது இடம்? டிபிடிகே கெர்னலை ஒதுக்கிவிட்டு, 'பாக்கெட் வந்ததா' என்று நெட்வொர்க் கார்டை ஓயாமல் தானே கேட்டுக்கொண்டிருக்கும்; பாக்கெட்டுகளை 32, 32 ஆக அள்ளும். பாக்கெட்டே வராத நேரத்திலும் அந்த கோர் 100 சதவீதம் காட்டும். அது பிழையல்ல, விலை. 5ஜி யூபிஎஃப் (பயனரின் டேட்டாவைக் கடத்தும் பகுதி), ஃபயர்வால், லோட் பேலன்சர் எழுதுபவர்கள் இந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறார்கள்.

பழக சர்வர் வேண்டாம். உபுண்டு விர்ச்சுவல் மெஷின், 4 ஜிபி ராம், 2 கோர், கூடுதலாக இரண்டு நெட்வொர்க் அடாப்டர், 2 எம்பி ஹியூஜ் பேஜ் (டிபிடிகேக்கு ஒதுக்கும் பெரிய நினைவகப் பக்கம்) 512. எஸ்எஸ்எச் வழியாக (தொலைவிலிருந்து) நுழைந்திருக்கும் அடாப்டரை மட்டும் டிபிடிகேக்கு மாற்றிவிடாதீர்கள், இணைப்பு அறுந்துவிடும். மாற்றிய போர்ட் லினக்ஸின் 'ஐபி லிங்க்' கட்டளையில் தெரியாது, பிங்குக்கும் பதில் சொல்லாது. ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்பது), ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) எல்லாம் இனி நீங்கள் எழுதினால்தான் உண்டு. (இந்த இடத்தில்தான் சிசிஎன்ஏ பாடம் கைகொடுக்கும்.)

டிபிடிகேயின் சோதனை புரோகிராமான டெஸ்ட்பிஎம்டி ஓடியதும், அதனுடன் வரும் ஸ்கெலிட்டன் எடுத்துக்காட்டை எடுத்து, யுடிபி பாக்கெட்டை மட்டும் கைவிடும்படி மாற்றுங்கள். பலர் கைவிட்ட பாக்கெட்டின் பஃபரை (அது இருந்த நினைவக இடம்)த் திருப்பித் தர மறப்பார்கள். இந்த எடுத்துக்காட்டில் போர்ட்டுக்கு 8,191 பஃபர்தான். முதலில் எல்லாம் நன்றாக ஓடும். பஃபர் தீர்ந்ததும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் வரத்து நின்றுவிடும். இப்படி நின்றதை நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தால், நேர்முகத்தில் அரைமணி நேரம் பேச விஷயம் இருக்கிறது.

விர்ச்சுவல் மெஷினில் கிடைத்த வேகத்தை ரெஸ்யூமேயில் சாதனையாகப் போடாதீர்கள். கேள்வி கேட்பவருக்குத் தெரியும். வெப் வேலைகளைவிட இடங்கள் குறைவு. வேலைத்தளங்களில் 'டிபிடிகே' என்று மட்டும் தேடாமல் 'டேட்டா பிளேன்', 'எம்பெடட் நெட்வொர்க்கிங்' என்றும் தேடுங்கள்.