சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு உல்லாசக் கப்பல்: ஊரிலிருந்து வரும் பெற்றோர், இரண்டு பிள்ளைகளோடு போனால் நிம்மதியாக அனுபவிக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஒரே ஒரு நிபந்தனை: எல்லோரும் எந்நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற ஆசையைக் கரையிலேயே விட்டுவிட்டு ஏற வேண்டும்.

இதே கேள்விக்கு ஒருவர், "மூன்று நாள் தின்று தூங்குவதற்குக் கப்பல் எதற்கு, உள்ளூர் ஹோட்டல் போதாதா?" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். ஐயா, வருடம் முழுவதும் வேலைக்கும் போய், சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்க்கிற பெண்ணிடம் போய், மூன்று நாள் தின்று தூங்குவது சின்ன விஷயம் என்று சொல்லிப் பாருங்கள். நான் எந்தக் கப்பல் நிறுவனத்துக்கும் ஆள் பிடிக்கவில்லை. கப்பல் எரிபொருளால் காற்று கெடுகிறது என்று சொல்ல வருபவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. அவர்கள் சொல்வது சரிதான். கேட்டவர் போவதா வேண்டாமா என்று கேட்கவில்லை. போனால் எப்படி அனுபவிப்பது என்று கேட்கிறார்.

நீங்கள் இங்கே வேலை பார்ப்பவர், பெற்றோர் பள்ளி விடுமுறைக்கு ஊரிலிருந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய விசாவைப் பாருங்கள். கப்பல் ஏறினால் சிங்கப்பூரைவிட்டு வெளியேறியதாகத்தான் குடிநுழைவுக் கணக்கு. திரும்பி வரும்போது மறுபடி நுழைய வேண்டும். அதற்குப் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்ல வேண்டும். வருகை அட்டையையும் திரும்பும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பலில் இணையம் காசு என்பதால் புறப்படும் முன்பே இதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்துடன் டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பாருங்கள். மரினா பே உல்லாசக் கப்பல் நிலையம் வேறு, ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது வேறு. முன்னதற்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையம், பின்னதற்கு விவோசிட்டி கடைத்தொகுதிப் பக்கம். பெட்டி, பாட்டி, தள்ளுவண்டியோடு தவறான நிலையத்தில் இறங்கினால் பயணத்தின் முதல் சண்டை டாக்சியிலேயே தொடங்கிவிடும்.

இனி எங்கள் கதை. நான், கணவர், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகன், என் மாமியார். கூடவே கொழுந்தனார் குடும்பம். கொழுந்தனார் நல்ல மனிதர். ஆனால் எங்கே போனாலும் அட்டவணை போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. கப்பல் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே குடும்ப வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது: காலை 7.15 சிற்றுண்டி, 8.30 நீச்சல் குளம், 10.00 நீர்ச்சறுக்கு, "அனைவரும் நேரத்துக்கு வரவும்". தரைவழிப் பயணத்துக்கு இது சரி. ஒரு வேன், எட்டு பேர், ஒருவர் தாமதித்தால் எல்லோரும் தாமதம். கப்பலில் அந்தக் கட்டாயமே இல்லை. பிள்ளை தொலைந்து போவதற்கு இடமில்லை. கிழவி களைத்துப்போனால் அறை மின்தூக்கித் தூரத்தில் இருக்கிறது. அந்தச் சௌகரியத்துக்குத்தானே காசு கொடுக்கிறோம்?

ஏறும் நாளைப் பற்றிக் கொஞ்சம். பெரிய பெட்டிகளை நிலையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே பெரியவர்களின் மாத்திரை, பிள்ளைகளின் நீச்சலுடை, ஒரு மாற்றுத்துணி, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சலவைப்பெட்டி, சோறு வேகவைக்கும் குக்கர், மின்சாரக் கெண்டி போன்றவற்றை உள்ளே விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் பயம். என் ஓரகத்தி பட்டுப்புடவை கசங்கும் என்று சின்னச் சலவைப்பெட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஊடுகதிர்ப் பெட்டிக்குள் போனதும் மாட்டிக்கொண்டது. சீட்டு எழுதி வாங்கி வைத்துவிட்டு, இறங்கும் நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். புடவையைக் குளியலறையில் வெந்நீர் ஆவியில் தொங்கவிட்டுச் சுருக்கம் எடுத்தோம்; நன்றாகவே வந்தது.

முதல் நாள் மதியம் எல்லோரும் ஒரே நேரத்தில் பஃபே கூடத்துக்குத்தான் ஓடுவார்கள். பந்திக்கு முந்து என்பதை நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். ஆனால் பல கப்பல்களில் அதே வேளையில் பெரிய உணவகமும் திறந்திருக்கும். உட்கார வைத்துப் பரிமாறுவார்கள், அதற்கும் தனிக் காசு கிடையாது. ஏறியவுடன் கேட்டுப் பாருங்கள். சைவம், வெங்காயம் பூண்டு இல்லாமல் என்றெல்லாம் இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். இங்கிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறையப் பேர் என்பதால் இந்தியச் சமையல் இருக்கும். சாம்பாரைப் பற்றி மட்டும் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். மாமியார் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, "பருப்பு நன்றாக வெந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஏழு குட்டை ஒலி, ஒரு நெட்டை ஒலி கேட்டால் எங்கே கூட வேண்டும் என்று காட்டுவார்கள். எல்லோருக்கும் கட்டாயம். அதை முதலில் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார்கள்.

அறை விஷயத்தில் என் கருத்துக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். பால்கனி அறையை யாருக்கு எடுப்பது? நிறையப் பேர் தங்களுக்கு எடுத்துக்கொண்டு பெற்றோரை ஜன்னலில்லாத உள்ளறையில் போடுகிறார்கள். "தூங்கத்தானே போகிறார்கள்" என்று ஒரு சமாதானம் வேறு. உண்மையில் உட்காரப் போவது பெரியவர்கள்தான். நாமும் பிள்ளைகளும் அறையில் தங்கவே மாட்டோம். நாங்கள் மாமியாருக்கும் மகளுக்கும் பால்கனி எடுத்தோம், எங்களுக்கு உள்ளறை. புறப்பட்ட மாலையில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், செயிண்ட் ஜான்ஸ் தீவு, புக்கோம் சுத்திகரிப்பு ஆலையின் விளக்குகள் எல்லாம் பின்னால் போகும்வரை எழுந்திருக்கவில்லை. "இத்தனை கப்பல் ஏன் சும்மா நிற்கின்றன?" என்று கேட்டார். உலகத்திலேயே அதிகமாகக் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் துறைமுகம் இது, அதற்காகவும் சரக்குக்காகவும் காத்திருக்கின்றன என்றேன். சிறிது நேரம் கழித்து, "நாகப்பட்டினத்தில் ஏறி நான் வந்தபோதும் இதே பக்கமாகத்தான் வந்திருப்போம்" என்றார்.

1950களில் சின்னப் பிள்ளையாக ரஜூலா கப்பலில் வந்தவர் அவர். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று அது நின்று நின்று வரும். மேல்தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்ததை மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறார். அப்போதெல்லாம் அவளுக்குக் கைப்பேசிதான் பெரிது. இங்கே சிக்னல் இல்லாததால் முழுக்கதையையும் கேட்டாள். அதே நேரத்தில் நானும் கணவரும் எங்கே இருந்தோம் என்று கேட்காதீர்கள். யாரும் எங்களைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

யார் எங்கே இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இணையம் வாங்காவிட்டால் வாட்ஸப் வேலை செய்யாது. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்த வில்லைகள் நான்கைக் கொண்டுபோங்கள். எங்கள் அறை வாசலுக்கு உள்பக்கம், பழனி முருகன் வில்லைக்கு அடியில் துண்டுச் சீட்டு இருந்தது: "நீச்சல் குளம். 4 மணிக்கு ஐஸ்கிரீம். பாட்டி தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்." அது போதும். இரவுச் சாப்பாடு மட்டும் எல்லோரும் ஒன்றாக. அந்த ஒரு வேளைக்குக் கொழுந்தனாரின் அட்டவணையை நானும் மதித்தேன்.

பினாங்கில் கப்பல் நின்றதும் அவர் வேன் ஒன்றை அமர்த்தி, பினாங்கு மலை, கெக் லோக் சி புத்தர் கோயில், கடைத்தெரு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்கக் கிளம்பினார். நானும் மாமியாரும் போகவில்லை. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். வெயில் தாழ்ந்த பிறகு மெதுவாக நடந்து, குயின் ஸ்திரீட் மகா மாரியம்மனைக் கும்பிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். கப்பலில் பாதிப் பேர் இல்லை. நீர்ச்சறுக்கில் என் மகன் வரிசையே இல்லாமல் மறுபடி மறுபடி ஏறிக்கொண்டிருந்தான். காலையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவைத்திருந்த சாய்வு நாற்காலிகள் எல்லாம் காலி. (உணவங்காடியில் திசுத்தாள் பொட்டலம் வைத்து இடம் பிடிக்கும் பழக்கம் நடுக்கடலிலும் நம்மை விடவில்லை.) கொழுந்தனார் குடும்பம் போக்குவரத்து நெரிசலில் சிக்கி, ஏற வேண்டிய கடைசி நேரத்துக்குச் சற்று முன்னால் வியர்த்துக் கொட்ட வந்து சேர்ந்தது. சொந்தமாக வண்டி பிடித்துப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. புக்கெட் போனால் இன்னொன்று: அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தைக் கணக்கில் வைக்கிறது என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

துறைமுகத்தில் இறங்காவிட்டால் பயணமே வீண் என்று நினைப்பவர்களுக்கு: 2020 நவம்பரில் பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூர் மறுபடி கப்பல்களை அனுமதித்தபோது அவை எங்குமே நிற்கவில்லை. பாதிப் பயணிகளோடு கடலில் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பின. மக்கள் காசு கொடுத்துப் போனார்கள், சந்தோஷமாகத்தான் வந்தார்கள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏறும் வரிசையில் நிற்கும்போது மகனின் துணைப்பாட நிலையத்திலிருந்து செய்தி வருகிறது: விடுமுறைக் காலத் தீவிர வகுப்புக்கு வராவிட்டால் கட்டணம் திரும்பாது, மாற்று வகுப்பும் கிடையாது. பள்ளியே விடுமுறை விட்டிருக்கிறது, இவர்களுக்கு விடுமுறை இல்லை! வருட நடுவில் பிள்ளைகள் பள்ளியில் இல்லாத ஒரே மாதம் ஜூன். அந்த மாதத்தில்தான் கப்பல்காரன் விலையை ஏற்றுகிறான், அந்த மாதத்தில்தான் இவர்களும் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். தொடக்கநிலை ஆறில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிற பிள்ளைக்கு என்ன தீவிரம்? பதில் அனுப்பாமல் கைப்பேசியை விமான நிலைக்கு (ஏரோபிளேன் மோட்) மாற்றினேன்.

அதை நீங்களும் செய்யுங்கள், வேறு காரணத்துக்காக. கடல் நடுவில் கைப்பேசி கப்பலின் சொந்த வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். நம் ரோமிங் திட்டங்களில் அது பெரும்பாலும் சேராது; பில் வந்தபிறகு யாரோடு சண்டை போடுவது? பணிக்கொடை (டிப்ஸ்) என்று ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. விளம்பர விலையில் அது இருக்காது. அறை அட்டையைத் தேய்த்தால் எல்லாம் கிடைக்கும் என்பதால், விளையாட்டுக் கூடத்துக்குப் போகும் பிள்ளையின் அட்டைக்கு வரம்பு வைக்கச் சொல்லி வரவேற்பு மேசையில் கேளுங்கள். செய்துகொடுப்பார்கள். கப்பல் மருத்துவருக்குத் தனிக் கட்டணம், சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் அங்கே எடுபடாது. பெற்றோருக்குப் பயணக் காப்புறுதி இல்லாமல் ஏறாதீர்கள்.

தலைசுற்றல் பயமா? மலாக்கா நீரிணையில் சுமத்ரா தீவு அலைகளை மறைத்துக்கொள்கிறது. விடியற்காலையில் எப்போதாவது சுமத்ரா காற்று அடித்தால் சற்று நேரம் ஆடும், அவ்வளவுதான். தென்சீனக் கடல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் போவதென்றால் கதை வேறு, வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். பினாங்கு, கிள்ளான் என்றால் எது மலிவோ அது.

கடைசி இரவு பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் நிலையத்தில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் உடுத்துவதற்கு ஒரு ஜோடி துணியை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். அட்டவணையில் அது இல்லாததால் கொழுந்தனார் முட்டிக்கு மேல் நிற்கும் பாத்திக் துணிக் கால்சட்டையோடு குடிநுழைவு வரிசையில் நின்றார். புகைப்படம் இருக்கிறது, குடும்ப நன்மை கருதி இங்கே போடவில்லை.