வெபருக்கு எத்தனை சைட்டேஷன்? ஒரே எண் கேட்கிறார் நெறியாளர்

கேள்வி: ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் ‘புராட்டஸ்டன்ட் அறமும் முதலாளித்துவ உணர்வும்’ நூலின் தாக்கம் பற்றி முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயல் எழுதுகிறேன். நூலை எத்தனை ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன (சைட்டேஷன்) என்று தரவுத்தளங்களில் தேடினால், கூகுள் ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோபஸில் வேறோர் எண். வெப் ஆஃப் சயின்ஸில் நூலே வரவில்லை. எச்-இண்டெக்ஸும் (ஒருவரின் எத்தனை படைப்புகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்ற எண்) சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுக்கச் சொல்கிறார் நெறியாளர். ‘சான்றளித்த சைட்டேஷன் அறிக்கை’ வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். கொடுக்காதீர்கள். சைட்டேஷன் எண்ணிக்கைக்கு முத்திரை குத்தித் தரும் அதிகாரம் இப்படிப் பணம் கேட்பவரிடம் கிடையாது. உங்கள் கணினியில் தெரியும் அதே பக்கத்தை எடுத்து, மேலே ஒரு லோகோவை ஒட்டி, கீழே ஒரு கையெழுத்தைப் போட்டுத் தருவார், அவ்வளவுதான். மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்த ஓர் ஆய்வேட்டில் அப்படியோர் அறிக்கை பின்னிணைப்பாக இருந்தது. அதில் ‘வெபரின் இம்பாக்ட் ஃபேக்டர்’ என்று தசமப் புள்ளியோடு ஓர் எண்! இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு. அது ஆய்விதழுக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. அதிலும் 1920இலேயே இறந்துபோனவருக்கு! எந்தத் தேதியில், எப்படித் தேடினார்கள் என்று அந்த மாணவரால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சொல்ல முடியவில்லை. பணம் வாங்கியவர் அங்கே வந்து பதில் சொல்வாரா?

சரி, வெப் ஆஃப் சயின்ஸில் நூல் ஏன் வரவில்லை? சாதாரணத் தேடல், அந்தத் தரவுத்தளம் தானே பட்டியலிட்ட கட்டுரைகளை மட்டும்தான் காட்டும். பழைய நூல் அதில் இருக்காது. ஆனால் பட்டியலிட்ட கட்டுரைகளின் அடிக்குறிப்புகள் அதில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேட ‘சைட்டட் ரெஃபரன்ஸ் சர்ச்’ என்று தனிப் பக்கம் உண்டு, அங்கே போங்கள். ஸ்கோபஸில் 1970க்கு முந்தைய கட்டுரைகளின் அடிக்குறிப்புகள் பெரும்பாலும் இல்லை. உங்கள் நூலின் ஆங்கில வாழ்க்கை 1930இல் தொடங்குகிறது. நாற்பது வருடம் போயிற்று. இந்த வேலைக்கு ஸ்கோபஸை விட்டுவிடலாம்.

அடிக்குறிப்புத் தேடலில் ‘வெபர் எம்’ என்று போட்டால் வரிவரியாகக் கொட்டும். 1904, 1905, 1920, 1930, 1958, 2002 என்று ஆண்டுகள். எல்லாம் ஒரே நூல்தான். முதலில் 1904–05இல் ஜெர்மன் ஆய்விதழில் இரண்டு கட்டுரைகளாக வந்தது. 1920இல் வெபரே திருத்தினார். 1930இல் டால்காட் பார்சன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அப்புறம் அதன் மறுபதிப்புகள், 2002இல் ஸ்டீவன் கால்பெர்க்கின் புது மொழிபெயர்ப்பு. நடுவில் ‘வெபர் எம், 1975’ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். அது அவருடைய மனைவி மரியன்னே வெபராக இருக்கலாம். அவர் எழுதிய கணவரின் வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வந்தது அந்த ஆண்டில்தான்.

இந்த வரிகளின் எண்களை அப்படியே கூட்டிவிடுவதுதான் பலர் விழும் குழி. ஒரே கட்டுரை 1920 பதிப்பையும் 1930 மொழிபெயர்ப்பையும் காட்டியிருந்தால் அது இரண்டு முறை எண்ணப்படும். எனவே எண்களைக் கூட்டாமல், மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியல்களை இறக்கி, ஒன்றாக்கி, இரட்டிப்புகளை நீக்கிவிட்டு எண்ணுங்கள்.

பதிப்புகளைச் சேர்க்கக் கூடாத ஓர் இடமும் உண்டு. எந்த மொழிபெயர்ப்பு வழியாக வெபர் வாசிக்கப்பட்டார் என்பதே உங்கள் கேள்வியாக இருந்தால் தனித்தனியாக வையுங்கள். முதலாளித்துவத்தில் மனிதர்கள் சிக்கிக்கொண்ட நிலையைச் சொல்ல நூலின் முடிவில் வரும் புகழ்பெற்ற ‘இரும்புக் கூண்டு’ பார்சன்ஸ் கொடுத்த சொல். வெபரின் ஜெர்மன் தொடருக்கு எஃகுபோல் கடினமான ஓடு என்பதுதான் நெருக்கமான பொருள். கூண்டு உங்களை அடைக்கும், கதவு திறந்தால் வெளியே வரலாம். ஓடு உடம்போடு வருவது, நத்தையிடம் போய்க் கழற்றச் சொல்ல முடியாது. கால்பெர்க் ‘எஃகுபோல் கடினமான உறை’ என்ற பொருளில் மாற்றிவிட்டார். ஆகவே ஒரு கட்டுரை ‘இரும்புக் கூண்டு’ என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில் 2002 கால்பெர்க் பதிப்பைக் காட்டினால், சொல் ஒரு புத்தகத்திலிருந்தும் ஆண்டு இன்னொரு புத்தகத்திலிருந்தும் வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இதை எந்தத் தரவுத்தளமும் சொல்லாது, கட்டுரையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் இயலுக்கு இது வேண்டாம் என்றால் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

கூகுள் ஸ்காலர் வலையை அகலமாக வீசும். ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை எல்லாம் மாட்டும், எண் பெரிதாகத்தான் இருக்கும். ஜெர்மன் தலைப்பையும் தனியாகத் தேடுங்கள். ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுகளுக்கு மேல் அது காட்டாது என்பதால், ஆண்டு ஆண்டாகப் பிரித்துத்தான் இறக்க முடியும்.

எச்-இண்டெக்ஸ் விஷயத்தில் நெறியாளரிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், இயற்பியல் ஆய்வாளர்களை ஒப்பிடச் சொன்ன கணக்கு அது. ஐந்தே நூல் எழுதியவரின் நூல்கள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் முறை காட்டப்பட்டாலும் அவருடைய எச்-இண்டெக்ஸ் ஐந்தைத் தாண்டாது. மறுபுறம், கூகுள் ஸ்காலர் ஒரே நூலின் மொழிபெயர்ப்புகளைத் தனித்தனி நூல்களாகப் பிரித்துவிட்டால், செத்தவரின் எச்-இண்டெக்ஸ் ஏறிக்கொண்டே போகும். படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஓர் எண் வேண்டும், அதற்காகத்தான் இத்தனை கூத்தும். கட்டத்தை வரைந்தவர் வெபரைப் புரட்டியிருந்தால் அதிகாரவர்க்கம் பற்றி அவர் எழுதியதாவது கண்ணில் பட்டிருக்கும்.

இயலில் ஒரே எண்ணை எழுதாதீர்கள். ‘இன்ன தேதியில், இன்ன தரவுத்தளத்தில், இந்தப் பதிப்புகளைச் சேர்த்து, இரட்டிப்பு நீக்கிய பின் இத்தனை’ என்று எழுதுங்கள். கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டுமென்றால் இந்த எண்ணைப் போட்டு, அடியில் அதே விளக்கத்தை வையுங்கள். அப்புறம், மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஐம்பதைக் கண்ணை மூடி எடுத்து, வெபர் எந்தப் பத்தியில் வருகிறார் என்று பாருங்கள். முதல் பத்தியில் மாலை போட்டுவிட்டு நகர்ந்தவர் எத்தனை பேர், வாதத்தில் பயன்படுத்தியவர் எத்தனை பேர் என்று பிரித்தால் அதுவே ஒரு நல்ல அட்டவணை. தேடலைத் தொடங்குமுன் பதிப்புப் பட்டியலைத் தயார் செய்துகொள்ளுங்கள். நூலகத்தில் ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.