என்எல்ஆர் அதிகமாக இருந்தால் கணையப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் ஆயுள் குறையுமா?

அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்கு என்எல்ஆர் 4 என்று வந்திருக்கிறது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்எல்ஆர் என்பது ஒரு சாதாரண வகுத்தல் கணக்குதான்: ரத்தத்தில் உள்ள நியூட்ரோஃபில், லிம்போசைட் என்ற இரு வகை வெள்ளை அணுக்களில் முதலாவதின் எண்ணிக்கையை இரண்டாவதின் எண்ணிக்கையால் வகுப்பது. நியூட்ரோஃபில் 6,000, லிம்போசைட் 1,500 என்றால் விடை 4. லிம்போசைட்டுகளில் ஒரு பகுதி புற்றுச் செல்களைத் தேடி அழிப்பவை. நியூட்ரோஃபில் கூடியிருந்தால் உடலில் அழற்சி இருக்கலாம். அது கட்டி வளரவும் துணைபோகும். அதனால்தான் இந்த விகிதம் உயர்ந்தவர்கள் சராசரியாகக் குறைந்த காலம் வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

சராசரியாக என்பதைக் கவனியுங்கள். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருந்தால் பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சள் காமாலை வரும். அங்கே கிருமி தொற்றினாலே நியூட்ரோஃபில் எகிறிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். போதாக்குறைக்கு, எந்த அளவுக்கு மேல் 'அதிகம்' என்ற எல்லைக்கோடும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது: சிலர் 2.5 என்கிறார்கள், சிலர் 5 என்கிறார்கள்.

என்னைக் கேட்டால், அறுவை சிகிச்சை முடிந்ததும் வரும் பயாப்சி ரிப்போர்ட்டைத்தான் முதலில் பார்ப்பேன். நிணநீர்க் கணுக்களில் பரவியிருக்கிறதா, வெட்டிய ஓரம் புற்றுச் செல்கள் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா? அப்புறம், கீமோவை முழுதாக முடிக்க அவர் உடம்பு தாங்குமா? ரத்தத்தில் சிஏ 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் பொருளின் அளவையும் டாக்டர் பார்ப்பார்; ஆனால் மரபணு காரணமாகச் சிலர் உடம்பில் அது உருவாவதே இல்லை.