கிளப்பில் நான் காட்டிய ஆன்டெனா, கட்டுரையில் நண்பரின் பெயர்: என்ன செய்யலாம்?

கேள்வி: ஹாம் ரேடியோவின் (பொழுதுபோக்கு வானொலி) 10 மீட்டர் பேண்டுக்காக, அதாவது அந்த அலைவரிசைக்காக, இரண்டு எலிமென்ட் (கம்பி) கொண்ட யாகி என்ற ஒருதிசை ஆன்டெனாவின் நுனிகளை உள்பக்கமாக மடக்கி, குறைந்த இடத்தில் நிற்கும் கம்பி ஆன்டெனா ஒன்றைக் கட்டினேன். ஹாம் கிளப் கூட்டத்தில் அளவுகளோடு விளக்கினேன். இப்போது நண்பர் ஒருவர் அதே அளவுகளைப் போட்டு, தன் அழைப்புக்குறியையே (ஹாம் உரிமத்தோடு தரும் அடையாள எழுத்துகள்) அதற்குப் பெயராக வைத்துக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். நான் பேட்டன்ட் கேட்க முடியுமா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அவரிடம் பேசும் முன், அந்த ஆன்டெனாவில் உங்களுடையது எது என்று பிரித்துப் பாருங்கள்.

நுனியை மடக்கும் யோசனை உங்கள் இருவருக்குமே சொந்தமில்லை. விகே2ஏபிகியூ என்ற அழைப்புக்குறி கொண்ட ஆஸ்திரேலிய ஹாம் கம்பிகளைச் சதுரமாக மடக்கிக் கட்டினார். பிரிட்டனின் லெஸ் மாக்ஸன் அதைச் செவ்வகமாக்கினார். அமெரிக்காவின் எல்.பி. செபிக், கம்பியின் தடிமனை வைத்து அளவுகளைக் கணக்கிட வழி செய்தார். மூன்று பேரின் உழைப்பு இருந்தும் மாக்ஸனின் பெயர்தான் நிலைத்தது.

ஆகவே பேட்டன்டுக்கு வழியில்லை. ஏற்கெனவே ஊரறிந்த வடிவம் புதியதாகாது. புதியதாகவே இருந்தாலும், விண்ணப்பிக்கும் முன் கூட்டத்தில் காட்டிவிட்டால் பல நாடுகளில் உரிமை போய்விடும். பதிப்புரிமை உங்கள் எழுத்துக்கும் படத்துக்கும் உண்டு, அளவுகளுக்கு இல்லை. உங்கள் படத்தை அப்படியே போட்டிருந்தால் மட்டும் அந்த உரிமையைத் தாராளமாகக் கேளுங்கள்.

உங்கள் பங்கு பெரும்பாலும் நுணுக்கங்களில்தான் இருக்கும். இந்த ஆன்டெனாவில் எதிரெதிர் நுனிகளுக்கு நடுவே விடும் இடைவெளிதான் உயிர்நாடி. அது சில சென்டிமீட்டர் மாறினாலே பின்பக்கத்து சிக்னலைத் தடுக்கும் திறன் மாறிவிடும். அதை எப்படிப் பிடித்தீர்கள், என்ன கம்பி போட்டீர்கள், எவ்வளவு உயரத்தில் அளந்தீர்கள் என்பவை உங்கள் உழைப்பு.

அளவுகள் ஒத்துப்போவதே திருட்டுக்குச் சான்று அல்ல. ஒரே கம்பியை வைத்து, ஆன்டெனாவைக் கணினியில் கணக்கிடும் என்.இ.சி. மென்பொருளில் யார் ஓட்டினாலும் கிட்டத்தட்ட அதே எண்கள்தான் வரும். பார்க்க வேண்டிய இடம் வேறு. பிவிசி உறை போட்ட கம்பியை வெறும் கம்பியைவிட இரண்டு மூன்று சதவீதம் குறைத்து வெட்ட வேண்டும். நீங்கள் உறைக் கம்பிக்கு எடுத்த நீளத்தை அவர் வெறும் செம்புக் கம்பிக்கு என்று எழுதியிருக்கிறாரா? அப்படி வெட்டினால் ரெசனன்ஸ் (ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்) மேலே ஏறிவிடும். அவர் கட்டி அளந்திருந்தால் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அது வலுவான தடயம்.

யாகி ஆன்டெனாவுக்கே இந்தக் கதை உண்டு. ஜப்பானின் சென்டாய் நகரில் பெரும்பாலான சோதனைகளைச் செய்தவர் ஷின்டாரோ உடா. 1926-இல் வந்த அந்த வேலை வெளிநாட்டில் அதிகம் தெரியவில்லை. 1928-இல் ஹிடெட்சுகு யாகி ஆங்கிலத்தில் எழுதியதும் உலகம் யாகி என்றே அழைத்தது. அந்தக் கட்டுரையில் உடாவின் பங்கை யாகி மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்று யாகி-உடா என்று நாம் எழுத முடிவது, உடாவின் கட்டுரைகள் அச்சில் இருப்பதால்தான்.

அதனால் பெயருக்காகச் சண்டை வேண்டாம், ஒரு வரியைக் கேளுங்கள். நண்பருக்குத் தனியாக எழுதி, ‘இந்த அளவுகள் கிளப் கூட்டத்தில் இன்னார் காட்டிய ஆன்டெனாவிலிருந்து எடுத்தவை’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரியை நீங்களே எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானோர் சேர்த்துவிடுவார்கள். பெயரைப் போட மறந்துபோனவர்களே அதிகம். பேண்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் இதை எடுக்காதீர்கள், அப்புறம் அவர் இறங்கி வரமாட்டார்.

அவர் மறுத்தாலும் சரி, உங்கள் கட்டுரையை எழுதிவிடுங்கள். கம்பி, உறை, உயரம், பேண்டின் இரு முனைகளிலும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு), கூட்டம் நடந்த தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். விகே2ஏபிகியூ, மாக்ஸன், செபிக் பெயர்களை முதல் பத்தியிலேயே போடுங்கள்.