கோயில் காசும் கிழமைக் கட்டும்

அன்பின் எழுத்தாளருக்கு,

நான் மட்டக்களப்பு வாவிக்கரைப் பங்கொன்றைச் சேர்ந்தவன். படிப்பித்து ஓய்வுபெற்று இப்போது பங்குச் சபையில் கணக்குப் பார்க்கிறேன். உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவன் என்பதால் இதைக் கேட்கிறேன்.

புதிதாக வந்த எங்கள் பங்குத்தந்தை தவக்காலம் முழுக்க நுண்கடனைப் பற்றியே பிரசங்கம் வைத்தார். இப்போது, திருவிழாவுக்குச் சேர்த்த காசில் ஒரு பகுதியை எடுத்து, கடனில் மாட்டிய பெண்களின் கட்டுக்காசைக் கட்டிவிட வேண்டும் என்கிறார். சபை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஏழைகளுக்கு உதவக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வின்சன்ட் டி போல் சபை மாதாமாதம் உலர் உணவு கொடுக்கிறது, நானும் அதில் இருக்கிறேன். ஆனால் கோயில் காசு கோயிலுக்குத்தானே? யோசிக்காமல் கடன் வாங்கியவர்களுக்கு நாங்கள் ஏன் பொறுப்பெடுக்க வேண்டும்? அந்தப் பெண்களில் பாதிப்பேர் எங்கள் கோயிலே இல்லை. சனம் மனநிம்மதி தேடித்தான் பூசைக்கு வருகிறது. சுவாமிமார் அரசியல் பேசத் தொடங்கினால் அந்த நிம்மதியும் போய்விடும் என்று பயப்படுகிறேன். அடுத்த கூட்டத்தில் நான் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம்.
ஒரு பங்குவாசி

*

அன்பின் ஐயா,

உங்கள் பங்குத்தந்தையின் யோசனையில் ஒரு பாதி எனக்கும் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், இது கோயில் விசயமா இல்லையா என்பதைப் பார்ப்போம்.

கிழமைக் கட்டு, அதாவது நுண்கடனை வாராவாரம் கட்டுவது, எப்படி நடக்கிறது என்று நீங்கள் கிட்ட இருந்து பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. எங்கள் ஒழுங்கையில் அது ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கும். காசு எடுக்க வருகிற பொடியன் மோட்டார் சைக்கிளை வாசலில் விட்டு, ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் இருப்பான். பெண்கள் பாயில் இருப்பார்கள். கட்டுப் புத்தகங்களை ஒரு ஷொப்பிங் பையில் போட்டு ஒருத்தி கொண்டு வருவாள். குழுவில் ஒருத்திக்குக் காசு குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்ப வேண்டும். முழுத் தொகையும் எண்ணி முடியும்வரை ஒருத்தரும் எழும்ப முடியாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவர வேண்டியவளும் இருப்பாள், அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்தவளும் இருப்பாள். ஒருநாள் ஒரு பெண்ணுக்கு எண்ணூறு ரூபாய் குறைந்தது. அந்தப் பொடியன் ஒரு சொல்கூடக் கூடப் பேசவில்லை. அவன் பேசத் தேவையும் இல்லை. சுற்றி இருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வை போதும். அவள் தோட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்து, "அக்கா, அடைவு வைச்சுத் தாங்க, மறுகா மீட்டுத் தாறன்" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் கட்டுப் புத்தகங்களைச் சேர்த்துக் கொண்டு வருகிறவள்தான் எங்கள் அன்பியத்தில், அதாவது அயல் வீடுகள் கூடிச் செபிக்கிற குழுவில், செபமாலை சொல்லித் தருகிறவள். காசு குறைந்தவள் அதே அன்பியத்தில் பின்னால் இருக்கிறவள். அதற்குப் பிறகு அவள் அன்பியத்துக்கு வரவில்லை. ஞாயிறு காலைப் பூசைக்குப் பதிலாக இரண்டு பங்கு தள்ளி ஒரு பின்னேரப் பூசைக்குப் போகத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டால், "பூசையில சமாதானம் சொல்லுற நேரம் ஆருட கையப் புடிக்கிற?" என்றாள்.

ஐயா, இந்தக் கடன்முறையில் எனக்கு வட்டியைவிடப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்களிடம் அயலவரின் உறவையே பிணையாக எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தி தவறினால் அவளை நெருக்கும் வேலையை மற்றவள் சம்பளமில்லாமல் செய்கிறாள். ஒரே வாங்கில் இருந்து ஒரே அப்பத்தை வாங்குகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வெட்கப்பட்டு வேறு வேறு பூசைக்குப் போகிறார்கள் என்றால், அது கோயில் விசயம் இல்லாமல் வேறென்ன? நீங்கள் சொல்கிற நிம்மதி அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே போய்விட்டது. பிரசங்கம் அதைப் போக்கவில்லை.

யோசிக்காமல் வாங்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பங்கில் வாவியையும் கடலையும் நம்பிய குடும்பங்கள் அதிகம் இருக்குமே. மாரிக்குக் கடல் குழம்பினால் தோணி இறங்காது. வயல் கூலி, விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் இல்லை. வங்கிக்குப் போனால் அரச உத்தியோகத்தரில் இரண்டு பேரைப் பிணைக்குக் கொண்டுவா என்பார்கள். கிழக்கில் சண்டை ஓய்ந்த 2007க்குப் பிறகு, 2009க்குப் பிறகு இன்னும் வேகமாக, கடன் கொடுப்பவர்கள் படலைக்கே வந்தார்கள். ஆண் துணை இல்லாமல் போரில் இருந்து மீண்ட எத்தனையோ வீடுகளுக்கு நகர வங்கியைவிட அவர்கள்தான் கிட்ட இருந்தார்கள். முதல் கடன் தையல் மெசினுக்கு, இரண்டாவது பிள்ளையின் மருந்துக்கு, மூன்றாவது முதல் இரண்டையும் கட்டுவதற்கு. இந்தக் கணக்கை ஆசிரியரான உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. 2022 ஏப்ரலில் நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பிறகு கடன் தந்தவர்களோடு இருந்து பேசித் தவணையை நீட்டினார்கள், கொஞ்சம் கழித்தார்கள். நாடு பிழைக்க அது வேண்டும் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டோம். ஏறாவூரிலோ கல்முனையிலோ உள்ள ஒரு பெண் அதையே கேட்டால் மட்டும் ஏன் ஒழுக்கக்கேடாகத் தெரிகிறது? இப்படிச் செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2018இல், மட்டக்களப்பும் அம்பாறையும் உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், பெண்கள் வாங்கிக் கட்ட முடியாமல் நின்ற ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசாங்கம் நீக்கியது. அது போதவில்லை என்பது வேறு கதை. 2021இல் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும் அதனால்தான்.

சரி, கோயில் காசு. நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரத்தை ஒருக்கால் எடுத்து வாசியுங்கள். எருசலேமின் மதில் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. புனிதமான வேலை, ஊரே சேர்ந்து செய்கிற வேலை. அதற்கு நடுவில் சனங்களும் அவர்களின் மனைவிமாரும் முறையிட வருகிறார்கள்: வயலை அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம், கடன் தந்தவர்கள் எங்கள் சொந்தச் சகோதரர்கள் என்று. மதில் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று நெகேமியா சொல்லவில்லை. சபையைக் கூட்டினார். வயல், திராட்சைத் தோட்டம், ஒலிவத் தோப்பு, வீடு, வாங்கிய வட்டி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள் என்றார். அவர்கள் சம்மதித்ததும், குருக்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் சத்தியம் வாங்கினார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் உங்கள் பங்கு போன்ற ஒரு பங்குச் சபைக் கூட்டம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

நாலாம் நூற்றாண்டில் மிலான் ஆயராக இருந்த புனித அம்புரோஸ், போரில் பிடிபட்டவர்களை மீட்கக் கோயிலின் பொன் பாத்திரங்களை உடைத்து உருக்கினார். அப்போதும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ஆண்டவருக்காகப் பொன்னைக் காப்பாற்றுவதைவிட மனிதரைக் காப்பாற்றுவதே மேல் என்ற கருத்தில் அவர் பதில் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் பேசுவது பாத்திரத்தைப் பற்றிக்கூட இல்லை, மின்குமிழ் அலங்காரத்தையும் ஒலிபெருக்கியையும் பற்றி.

ஆனால் திருவிழாவைச் சுருக்கி ஏழையாக்கிவிட வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கொடியேற்றமும் நவநாளும் சுருவப் பவனியும் கடைசி நாள் அன்னதானமும் வசதியானவர்களின் ஆடம்பரம் இல்லை. வருடம் முழுக்க எங்கும் போகாத குடும்பம் புது உடுப்போடு வெளிக்கிடுகிற நாட்கள் அவை. செப்டெம்பரில் ஆயித்தியமலைக்கு நடந்து போகிற சனத்தைப் பாருங்கள், அதில் காரில் போகக்கூடியவர்கள் எத்தனை பேர்? வீதி நீளத்துக்கு வெளிச்சம் போடுவதைக் குறையுங்கள், பவனியைக் குறைக்காதீர்கள். கணக்கு உங்கள் கையில் இருப்பதால் எதில் கை வைக்கலாம் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் அரசியல். ஐயா, வேறு எந்த ஊரில் இருந்து இந்தக் கேள்வி வந்திருந்தாலும் நான் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ, 1988 ஜூன் 6ஆம் திகதி புளியந்தீவில் மரியாள் ஆலய வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து திரும்பும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமல் ஆக்கப்பட்டார். 1948இல் அமெரிக்காவில் இருந்து வந்து மிக்கேல் கல்லூரி அதிபராகவும் இருந்த அருட்தந்தை ஹரி மில்லர், பிள்ளையைத் தேடி வந்த தாய்மாரிடம் கேட்டுக் கேட்டுப் பெயர்களை எழுதி வைத்தார். இவர்கள் செய்ததும் அரசியல் என்றுதான் அன்று பலர் சொன்னார்கள். முறையிட வேறு இடமில்லாத சனம் அன்று பங்குமனை வாசலுக்குத்தான் வந்தது. இன்றும் எங்கள் சனம் சாதி சமயம் பார்க்காமல் சுவாமிமாரை நம்புகிறது என்றால், அவர்கள் அந்த வாசலைப் பூட்டவில்லை என்பதால்தான். கட்சிக்கு வாக்குக் கேட்பது ஒன்று, வட்டியால் நொந்தவளுக்காக வாய் திறப்பது இன்னொன்று. முதலாவதை ஒரு குருவானவர் செய்தால் உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.

இனி, எனக்குப் பிடிக்காத அந்தப் பாதி. திருவிழாக் காசை எடுத்துக் கட்டுக்காசு கட்டுவது வேண்டாம். அந்தக் காசு பெண்களின் கையைக்கூடத் தொடாமல் நேரே நிறுவனத்துக்குப் போய்விடும். அடுத்த கிழமை அதே மோட்டார் சைக்கிள் வரும். யாருக்குக் கட்டினார்கள், யாருக்குக் கட்டவில்லை என்று ஊரில் புதுச் சண்டை தொடங்கும். யார் கடன்காரி என்பதும் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்தக் காசையும் உங்கள் படிப்பையும் வேறு விதமாகப் பாவியுங்கள். நீங்கள் கணக்குப் படிப்பித்தவரா என்று எழுதவில்லை, ஆனால் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். ஒரு பின்னேரம் அந்தப் பெண்களோடு இருந்து புத்தகங்களைப் பாருங்கள். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்டப்பணம் எவ்வளவு, காப்புறுதி என்று கழித்தது எவ்வளவு. அனேகம் பேருக்கு இதைப் பிரித்து யாரும் சொன்னதே இல்லை. கையெழுத்து வாங்கிய தாளின் பிரதிகூடச் சிலரிடம் இருக்காது, அதைக் கேட்டு வாங்க ஒரு துணை வேண்டும். பொடியன் காசு எடுக்க வரும் நாளில் சபையில் இருந்து இரண்டு பேர் போய்ச் சும்மா இருந்தாலே போதும், இருட்டும்வரை பெண்களை இருத்தி வைக்கிற பழக்கம் நின்றுவிடும். நிறுவனத்தோடு பேசித் தவணையை நீட்டுவதற்குச் சட்டத்தரணி ஒருவர் வேண்டியிருந்தால் மறைமாவட்டத்தின் சமூகப்பணி நிறுவனமான எகெட் மூலம் விசாரியுங்கள். திருவிழாவில் மிச்சம் பிடித்ததை வைத்து, மருந்துக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் வட்டியில்லாமல் மாறுகிற ஒரு சிறு சேமிப்பை அன்பியத்துக்குள் தொடங்கலாம். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த எங்கள் பெண்களுக்கு அதை நடத்தத் தெரியும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அருட்தந்தை மோசஸ் கோடி 1930களில் மீனவரையும் சுரங்கத் தொழிலாளரையும் கொண்டு கடன் கூட்டுறவுகளை இப்படித்தான் கட்டினார். வீட்டுக்கு வீடு சிறு படிப்புக் குழுக்களாகக் கூடி, தங்கள் கணக்கைத் தாங்களே வாசிக்கப் பழகியதில் இருந்துதான் அது தொடங்கியது.

உலர் உணவுப் பொதியை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பொதி கொடுக்கும்போது நாங்கள் வாசலில் நின்று கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கணக்குப் பார்ப்பதென்றால் உள்ளே போய்ப் பாயில் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

கோயிலைச் சேராத பெண்களையும் விட்டுவிட முடியாது, குழுவில் ஒருத்தி தவறினால் எல்லாரும்தான் விழுவார்கள். ஒரு கவனம் மட்டும் வேண்டும். உதவி என்ற பெயரில் ஆள் சேர்க்கிறார்கள் என்ற சந்தேகம் எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே இதைப் பங்குமனையில் வைக்காமல், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் பிள்ளையார் கோயில் நிருவாகத்தையும் சேர்த்துப் பொதுக் கட்டிடத்தில் வையுங்கள். செபத்தோடு தொடங்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முடிவெடுப்பதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கடன் வாங்கிய பெண்களில் வர விரும்புகிறவர்களைக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் இருக்கும்போது இதைப் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள், சமையல் இருக்கும். கட்டு நாள் இல்லாத ஒரு பின்னேரமாகப் பார்த்து வையுங்கள். நான் வருவது உதவி என்று நினைத்தால் எழுதுங்கள், வருகிறேன்.