பதில்: அக்காவின் ஜீவனாம்ச வழக்குக்கு வக்கீல் வைக்கக் காசில்லை, வருமானச் சான்றும் இல்லை

தம்பி, வருமானச் சான்றுக்காக அலைய வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12 படி அரசு தரும் இலவச வக்கீல் உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. அக்கா பெண் என்பதே போதும்.

உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இந்த உதவியைத் தரும் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். ஆதார், கல்யாணத்துக்கான ஆதாரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாலே மனு. வழி தெரியாவிட்டால் சட்ட உதவி எண் 15100க்குப் போன் போடுங்கள்.

வக்கீலுக்கான கட்டணத்தைக் குழுவே கொடுக்கும். அப்புறம் அந்த வக்கீல் "செலவுக்கு" என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், குழுவிடம் சொல்லி ஆளை மாற்றக் கேளுங்கள். (என் சித்திக்கு இரண்டாவதாக வந்தவர்தான் உருப்படியாக வாதாடினார்.)

இப்போது ஜீவனாம்சம் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 144இல் வருகிறது, பழைய சட்டத்தின் பிரிவு 125தான். இடைக்கால ஜீவனாம்சமும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் முடிந்தவரை அதை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும்தான். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் பேசினால் தொகையைப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அதற்கு மேல்முறையீடு இல்லை.